துக்கக் குறி

ஆறாவது மணியில்தான் போனை எடுத்தார்கள். எடுத்தவர் ஹலோ சொல்லவில்லை. பின்னால் யாரோ நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தமும், பெரிய பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்க்கும் சத்தமும் கேட்டன. யூனிஸ் வழக்கம்போல் குரலில் சர்க்கரையைக் கலந்துகொண்டு பேசினாள்.

"வணக்கம் சார், தாம்பரம் கானான் மனைகள்லேர்ந்து பேசறேன். சுப்பராயலு சார் வீடுதானே?"

"சுப்பராயலுதாம்மா பேசறேன்." தொண்டை கட்டிய குரல். "நேத்துதான் காரியம் முடிஞ்சுது. இப்பப் போய் மனை, கினைன்னுகிட்டு. வெச்சிடும்மா."

"என்ன காரியம் சார்?" வாய் முந்திக்கொண்டது.

"என் சம்சாரம் போயிட்டா. நேத்தோட பதினாறு நாள்."

யூனிஸ் ரிசீவரை வைத்தாள். நோட்டைப் பார்த்தாள். சுப்பராயலுவின் பெயருக்கு எதிரே, சரியாகப் பதினாறு நாளுக்கு முந்தைய ஜூன் மூன்றாம் தேதிக் கட்டத்தில், பென்சிலால் ஒரு 'து' இருந்தது. அவள் கையெழுத்துதான். து என்றால் துக்கம். ஆனால் ஜூன் மூன்றாம் தேதி அவள் அந்த வீட்டுக்குப் போன் செய்யவே இல்லை. அந்த எழுத்து பச்சைப் பொய். அன்றைக்குக் காலை அந்த அம்மாள் நன்றாகத்தான் இருந்திருப்பாள்.

இந்தப் பொய்யைப் புரிந்துகொள்ள அந்த ஆபீசின் நடைமுறை கொஞ்சம் தெரிய வேண்டும். மேற்குத் தாம்பரத்தில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல் ஒரே அறை. கீழே பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் வாடை மேலே வந்து தலையை வலிக்க வைக்கும். மூன்று மேஜை, மூன்று கறுப்புப் போன். மேடவாக்கம் தாண்டிப் பெரும்பாக்கம் போகும் வழியில், முட்செடியும் தவளையும் மட்டுமே குடியிருந்த ஒரு பொட்டலை வெள்ளைக் கல் நட்டுப் பிரித்து, அதற்குக் கானான் நகர் என்று பெயரும் வைத்திருந்தார்கள். முன்பின் தெரியாதவர்களை டைரக்டரியைப் பார்த்துக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை இலவச வேனில் ஏறச் சம்மதிக்க வைப்பதுதான் யூனிஸின் வேலை. ஒரு நாளைக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு நாற்பது பெயர்.

முடியாது என்று சொன்னால் அந்தப் பெயருக்கு எதிரே பெருக்கல் குறி. ஒரு பக்கத்தில் இருபதுக்கு மேல் பெருக்கல் குறி விழுந்தால் மேனேஜர் அசரியா சிவப்பு மையால் கோடு போடுவார். மூன்று சிவப்புக் கோடு விழுந்தால் நடையைக் கட்ட வேண்டியதுதான். "கஸ்டமர் எங்கேம்மா முடியாதுன்னு சொல்றார்? நீதான் அவரைச் சொல்ல வைக்கிறே" என்பார், புன்னகை மாறாமல்.

ஒரே ஒரு மன்னிப்பு உண்டு. சாவு விழுந்த வீட்டைப் பதினாறு நாள் தொந்தரவு செய்யக் கூடாது. து போட்டுவிட்டால் அந்தப் பெயர் எந்தக் கணக்கிலும் வராது. அசரியா பக்திமான், அந்த இடத்தில் கேள்வியே கேட்க மாட்டார். பக்கத்து மேஜை தனசிங்தான் இந்தக் குறுக்கு வழியை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தான். முதல் முறை கை கூசியது. உயிரோடு இருக்கிறவர்களைச் செத்ததாக எழுதுவதாவது! இரண்டாம் முறை அவ்வளவு கூசவில்லை. இதுவரை பதினோரு வீடு.

அவளுக்கு ஏற்கெனவே இரண்டு சிவப்புக் கோடு விழுந்திருந்தது. வருகிற சனிக்கிழமை மூன்று மாதம் முடிகிறது. வேலை நிரந்தரமாகுமா இல்லையா என்று அன்று தெரியும். தங்கை கிருபா ஆசிரியர் பயிற்சியில் கடைசி வருஷம். இந்த வேலை போனால் கிருபா ஹாஸ்டலைக் காலி செய்து வந்துவிட வேண்டியதுதான். வேறு நாதி இல்லை.

"இன்னா யூனிஸ், பேயறைஞ்சா மாதிரி கீறே?" என்றான் தனசிங்.

"அண்ணா, நீங்க து போட்ட வீட்டுக்குப் பதினாறு நாள் கழிச்சுத் திரும்பக் கூப்பிட்டிருக்கீங்களா?"

டயலைச் சுழற்றிக்கொண்டிருந்த அவன் விரல் பாதியில் நின்றது. டயல் மட்டும் கிர்ரென்று திரும்பி வந்தது.

"கூப்ட மாட்டேன்."

"ஏன்?"

"மாட்டேன்னா வுடேன். நீயும் கூப்டாதே." அப்புறம் அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

அவள் அவன் பேச்சைக் கேட்கவில்லை. மனசு கேட்டால்தானே? தற்செயல் என்று ஒரு தடவை நிரூபணமாகிவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தாள். குரோம்பேட்டையில் ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார் வீடு. மருமகள் எடுத்தாள். மாமா போய் எட்டு நாள் ஆகிறது என்றாள். யூனிஸ் நோட்டில் தேதியைப் பார்த்தாள். எட்டு நாள். அடுத்தது பல்லாவரம். அங்கே எடுத்தவர் ஐந்தாம் நாள் என்று மட்டும் சொன்னார்; பின்னால் கருட புராணம் படிக்கும் குரல் கேட்டது. அதற்கடுத்தது ஊரப்பாக்கம். ஒரு பெண் போனை எடுத்து, யார் என்றுகூடக் கேட்காமல், "ரெண்டு வயசுங்க, காய்ச்சல்கூட இல்லீங்க, தொட்டில்லயே..." என்று ஆரம்பித்தாள். அவள் முடிக்கும்வரை யூனிஸ் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்த பிறகு மன்னிப்புக் கேட்க நினைத்தாள். எதற்கு என்று சொல்வது?

வியாழக்கிழமை மாலைக்குள் பதினோரு வீட்டையும் கூப்பிட்டுவிட்டாள்.

பதினொன்று. தேதி பிசகாமல் பதினொன்று.

அன்று ராத்திரி ஜெபம் செய்ய முழங்கால் போட்டாள். கண்ணை மூடினால் தொட்டில்தான் தெரிந்தது. வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்தாள். கிருபாவின் கடிதம் அன்றுதான் வந்திருந்தது. மாதிரி வகுப்பு எடுக்க ஒரு நல்ல கைத்தறிப் புடவை வேண்டும் என்று எழுதியிருந்தாள். யூனிஸ் அந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தாள். வேலையை விடுவதில்லை, இனி து போடுவதும் இல்லை என்று தீர்மானம் செய்தாள். உயிரே போனாலும் போடுவதில்லை.

சனிக்கிழமை காலை முதல் உண்மையாகவே கூப்பிட்டாள். வியர்வையில் ரிசீவர் வழுக்கியது. காது சிவந்து எரிந்தது. ஒருவர் வேனில் வருகிறேன் என்றார். இருவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். ஐந்து இடத்தில் யாரும் எடுக்கவில்லை. மற்றவர்கள் திட்டினார்கள், சிரித்தார்கள், பாதியில் வைத்தார்கள். மாலை ஐந்தரைக்கு எண்ணிப் பார்த்தாள். சரியாக இருபது பெருக்கல் குறி. இன்னும் பன்னிரண்டு பெயர் பாக்கி. இன்னும் ஒரே ஒரு முடியாது விழுந்தால் மூன்றாவது சிவப்புக் கோடு. அவ்வளவுதான்.

பன்னிரண்டும் தாம்பரம்தான், கூப்பிடு தூரத்துத் தெருக்கள். முதல் பெயர் ஸ்ரீரங்கன், சானடோரியம். யூனிஸ் டயலில் விரலை வைத்தாள். சுழற்ற முடியவில்லை. பென்சில் கையெட்டும் தூரத்தில் கிடந்தது. அதைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். தனசிங் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல் கிளம்பிப் போனான்.

ஆறு மணிக்கு அசரியா எழுந்து வந்தார். சர்ச்சில் பாடகர் குழு ஒத்திகை. வெள்ளைச் சட்டையில் பவுடர் மணத்தது. மற்ற இரண்டு போனுக்கும் டயலில் பூட்டைப் போட்டுச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அவள் தோளுக்கு மேல் குனிந்து பக்கத்தைப் பார்த்தார்.

"பன்னெண்டு பாக்கியா?"

"இதோ கூப்பிடறேன் சார்."

"ரெண்டு நாளா உன் முகமே சரியில்லைம்மா. தங்கச்சி ஞாபகமா?" அவர் குரலில் உண்மையான கனிவு இருந்தது. "நீங்கள்லாம் என்ன பண்றீங்கன்னு எனக்குத் தெரியாதா? நானும் போன்ல உக்காந்து வந்தவன்தான். போகட்டும், இன்னிக்கு நானே போட்டுத் தரேன்."

பென்சிலை எடுத்தார்.

"சார், வேணாம்."

"கர்த்தர் மன்னிப்பார்மா." சிரித்தார்.

"சார், ப்ளீஸ் சார்!"

அவள் நோட்டை இழுத்தாள். அவர் ஏதோ விளையாட்டு என்று நினைத்து இடது கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார். து. து. து. கட்டத்துக்கு ஒன்றாக, மேலிருந்து கீழே, சீட்டுப் போடுகிற வேகத்தில் பன்னிரண்டும் எழுதி முடித்தார். பிறகு மேஜைமேல் ஒரு பழுப்புக் கவரை வைத்தார். "வேலை நிரந்தரம். திங்கள்கிழமை சீக்கிரம் வா. ஆபீஸ் சாவியைக் கீழே சைக்கிள் கடையில குடுத்துடு." மாடிப்படியில் கீர்த்தனையை முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார்.

யூனிஸ் ரப்பரை எடுத்துத் தேய்த்தாள். அவர் அழுத்தி எழுதுகிறவர். கரி போனாலும் பள்ளம் போகவில்லை. சாய்த்துப் பார்த்தால் ஒவ்வொரு து-வும் வெள்ளையாகத் தெரிந்தது. இன்னும் தேய்த்தாள். தாள் கிழிந்தது.

போனை எடுத்தாள். சானடோரியம். ஒரே மணியில் எடுத்துவிட்டார்கள்.

"ஹலோ, ஸ்ரீரங்கன்."

உயிரோடு இருக்கிற குரல். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"சார், வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கீங்களா?"

"பேஷா இருக்கோம். யாரும்மா பேசறது?"

வேறென்ன சொல்வதென்று தெரியாமல், மூன்று மாதமாக வாயில் ஊறிப்போன பல்லவியையே ஒப்பித்தாள். அவர் நிதானமாகக் கேட்டார். மேடவாக்கத்தில் தண்ணீர் எப்படி, பஸ் உண்டா என்று விசாரித்தார்.

"நாளைக்கு வேன்ல ரெண்டு சீட் போட்டுடுங்கோ. பாலாம்பாளையும் கூட்டிண்டு வரேன். அவளுக்குத் தோட்டம் போட இடம் வேணுமாம், கல்யாணம் ஆன நாளா நச்சரிக்கறா." சிரித்தார். "ஒரு நிமிஷம் இருங்கோ. உள்ளே ஏதோ விழுந்த சத்தம்."

ரிசீவரை மேஜைமேல் வைக்கும் ஒலி. செருப்பு தேய்ந்து போகும் ஒலி. ரேடியோவில் எங்கோ வயலின். குழாய் திறந்தே இருந்தது; தண்ணீர் வாளியில் விழுந்துகொண்டிருந்தது.

"பாலா?"

தண்ணீர்.

"பாலா! அடியே பாலா!"

அதற்கு மேல் வந்தது வார்த்தை இல்லை. ஒரு கிழவர் அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை.

யூனிஸ் ரிசீவரைத் தாங்கியில் போட்டாள். அடுத்த வீட்டைக் கூப்பிட வேண்டும். எச்சரிக்க வேண்டும். எடுத்தாள். லைன் விடவில்லை. அந்தப் பக்கம் ரிசீவர் மேஜையிலேயே கிடந்தது. கிழவர் கத்திக்கொண்டே இருந்தார். மறுபடி வைத்தாள். மறுபடி எடுத்தாள். கத்தல். பக்கத்து மேஜைக்கு ஓடினாள். பூட்டு. அடுத்த மேஜை. பூட்டு.

ரயில் ஒன்று தடதடத்துப் போனது. அது போன பிறகு தெரு ஒரு கணம் அமைதியாக இருந்தது.

ஜன்னல் திறந்திருந்தது. ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கமிருந்து ஒரு பெண் குரல் உயர்ந்தது. ஒப்பாரி. நோட்டைப் பார்த்தாள். இரண்டாவது பெயர் ஏசுதாசன். ரயில்வே குவார்ட்டர்ஸ்.

மூன்றாவது, மார்க்கெட் தெரு. விரலை அதன்மேல் வைத்தாள். வேண்டாம் என்று சத்தமாகவே சொன்னாள். மார்க்கெட் தெருவில் யாரோ ஓடினார்கள். கதவைத் தட்டினார்கள். அப்புறம் அங்கேயும்.

நான்காவது. இடது பக்கம், சர்ச் தெரு.

ஐந்தாவது. பின்பக்கம்.

வரிசை மாறவில்லை. ஊர் முழுக்க விளக்கு வைக்கும் நேரம். இருண்டிருந்த வீடுகளில் ஒவ்வொன்றாக எல்லா விளக்கும் எரிந்தன; ஜனங்கள் வாசலுக்கு ஓடி வந்தார்கள். யூனிஸ் ஜன்னலோரம் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். விரல் ஆறாவது பெயருக்கு இறங்கியது. அந்தத் தெரு இன்னும் அமைதியாக இருந்தது. ஒரு வீட்டு மொட்டை மாடியில் ஒரு பெண் கொடியிலிருந்து துணிகளை எடுத்து, ஒவ்வொன்றாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள்.