வால்விலிருந்து வால்வு வரை

அந்த வெள்ளைக் காருக்கு டயர் பாலிஷ் போட்டு வெளியே விட்டபோது பட்டறையில் ஐந்து பேர் இருந்தார்கள்.

முதலாளியான பெரியவர். அவருடைய தம்பி. பில் மேஜையில் பெரியவரின் மகள். அவள் கணவன், அதாவது வீட்டோடு இருக்கும் மாப்பிள்ளை. காரின் சொந்தக்காரரான வக்கீல்.

காலை பத்தேகாலுக்கு நான்கு பேர் ஆனார்கள்.

மேட்டுத் தெருவில் இறங்கும்போது வக்கீலின் காரை பிரேக் நிறுத்தவில்லை. கீழே இருந்த கல்சுவர் நிறுத்தியது.

பதினொரு மணிக்குள் பட்டறைக் குடும்பம் முழுவதும் அந்தச் சுவரருகே வந்து நின்றது. பானெட் நொறுங்கியிருந்தது. சக்கரங்கள் தப்பியிருந்தன.

"பிரேக் டிஸ்க்கத் தொட்டுப் பாருங்க பெரியவரே," என்றார் இன்ஸ்பெக்டர்.

தொட்டார். வழுக்கியது. விரலை மூக்கருகே கொண்டு போனார்.

அவர் பட்டறை டயர் பாலிஷ்தான்...

"முன் டயர் ரெண்டுக்கும் பாலிஷ் யாரு போட்டது?"

"நான்தான் சார்," என்றான் மாப்பிள்ளை.

"ஸ்ப்ரேய நேரா டயர் மேல அடிச்சீங்களா?"

"இல்ல சார். ஸ்பாஞ்சுல ஊத்தித்தான் தேய்ச்சேன்."

தம்பி பெருமூச்சு விட்டான். "மாப்பிள்ளை கொஞ்சம் அவசரக்காரரு சார். நேரா அடிக்காதீங்க, பிரேக்ல பட்டா பிடிக்காதுன்னு எத்தனையோ தடவ சொல்லிட்டேன்."

"சின்ன மாமா... என்ன பேசறீங்க?"

"கவனக்குறைவால மரணம்." இன்ஸ்பெக்டர் ஜீப்பைக் காட்டினார். "ஏறுங்க."

மகள் பெரியவரின் கையைப் பிடித்தாள். "அப்பா... ஏதாவது சொல்லுங்கப்பா."

பெரியவருக்கு மாப்பிள்ளையைப் பிடிக்காது. ஏழு வருடமாக அவன் பாலிஷ் போட்ட டயரைப் பார்த்தாலே அவருக்குத் தலைவலி வரும். ஆனாலும் வீட்டு ஆள் ஒருவன் நடுத்தெருவில் ஜீப் ஏறுவதா?

"ஒரு நிமிஷம் சார். சக்கரத்த நான் பாக்கணும்."

யார் முன்னும் குனிந்து பழகாத மனிதர், எழுபது வயதில், தெருப் புழுதியில் மண்டியிட்டார்.

பார்த்தார்.

பார்த்துக்கொண்டே இருந்தார்...

"சார், ஸ்ப்ரேய நேரா அடிச்சா சாரல் மாதிரி சுத்தி எல்லா எடத்துலயும் தெறிக்கும். ரிம்முல தெறிக்கும், கதவுக்குக் கீழ தெறிக்கும். இங்க ஒரு புள்ளி இருக்கா?"

இன்ஸ்பெக்டர் குனிந்தார். "இல்ல."

"டிஸ்க்ல மட்டும் திட்டமா ஒரு பூச்சு. ரிம் கம்பிக்கு நடுவுல வளைஞ்ச பிரஷ்ஷ விட்டு, நிதானமா பூசியிருக்காங்க. கை தவறி இப்படி ஆகாது."

"அப்ப உங்க மாப்பிள்ளை வேணும்னே..."

"அவனுக்கு இவ்வளவு சுத்தம் வராது சார்."

மாமனார் வாயிலிருந்து வந்த எந்த வசவும் மாப்பிள்ளைக்கு இவ்வளவு இனித்ததில்லை.

"ஸ்பாஞ்சுல அளவுக்கு மேல ஊத்துவான். டயர்லேர்ந்து ரிம்முக்கு வழியும். துடைக்கவும் மாட்டான். டயரப் பாருங்க, அவனோட திட்டுத் திட்டான பூச்சு. ஆனா ரிம்முல வழிஞ்சத யாரோ பின்னால வந்து துடைச்சிருக்காங்க. துணிய விரல்ல சுத்தி, காத்தடிக்கிற வால்வுகிட்ட ஆரம்பிச்சு, எடுக்காம ஒரே இழுப்பு... திரும்ப வால்வுகிட்டயே..."

பெரியவரின் குரல் நின்றது.

அந்த இழுப்பு அந்தப் பட்டறையில் இரண்டு பேருக்குத்தான் வரும்.

ஒருவர் அவர்.

தம்பி அவசரமாகப் பக்கத்தில் வந்து குந்தினான். குரலைத் தாழ்த்தினான். "அண்ணே, எந்திரிங்க. கவனக்குறைவுன்னா ரெண்டு வருஷத்துல வெளிய வந்துடுவாரு. அவரு யாரு வீட்டுப் பிள்ளையோ. நம்ம மானம் தப்பிச்சுடும்."

பெரியவர் ரிம்மிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வழிஞ்சு கெடந்தா உன்னால சும்மா இருக்க முடியாதுல்ல?"

தம்பி அவர் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தான்.

"கொல்லப் போன எடத்துல கூடத் துடைச்சுட்டு வந்திருக்க."

"அண்ணே..."

"ஏன்டா?"

பதில் பின்னாலிருந்து வந்தது. இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். கையில் ஒரு பத்திரம்.

"வக்கீல் பையில இருந்துச்சு. பட்டறைய உங்க தம்பி பேருக்கு எழுதிக் குடுத்திருக்கீங்க. கையெழுத்து உங்களுதா?"

பெரியவர் பார்த்தார். "என்னுது இவ்வளவு அழகா இருக்காது."

மகளின் முகம் வெளுத்தது. "வக்கீல் காரைக் கழுவ விட்டதுமே சொன்னாருப்பா. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ஒரு கையெழுத்த சரிபாத்துட்டு, மத்தியானம் உங்ககிட்ட தனியா பேசணும்னு. சித்தப்பா பக்கத்துலதான் நின்னாரு."

பெரியவர் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். முதல் முறை பார்ப்பதைப் போல.

"அம்மா போனப்ப உனக்கு ஆறு வயசு. என் சட்டையப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவ. கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடா."

"அம்பது வயசு வரைக்கும் எல்லாத்தையும் உங்ககிட்ட கேட்டுக்கிட்டேதான்ணே இருந்தேன்." தம்பி எழுந்தான். "இத ஒண்ணையாவது கேக்காம எடுத்துக்கலாம்னு பாத்தேன்."

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "பெரியவரே, பத்திரம் பொய்னு காட்டிடலாம். இந்தச் சக்கரத்துல பட்டது யாரு கைன்னு சொல்ல உங்களாலதான் முடியும். எழுதித் தருவீங்களா? இல்ல, கவனக்குறைவுன்னே விட்டுடலாமா?"

தம்பி அண்ணனைப் பார்த்தான். மகள் அப்பாவைப் பார்த்தாள்.

"பேப்பர் குடுங்க," என்றார் பெரியவர்.

காரின் நசுங்கிய பானெட் மேல் வைத்து எழுதினார். ஒரு வரியைக்கூட அடித்துத் திருத்தவில்லை. கடைசியில் தன் கோணல் கையெழுத்தைப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மேட்டில் ஏறக் காலை வைத்தார்.

"பிடிச்சுக்குங்க மாமா."

மாப்பிள்ளையின் கையெல்லாம் பாலிஷ் பிசுக்கு. பெரியவர் அதை உதறவில்லை.

தம்பியை ஏற்றிக்கொண்டு ஜீப் கிளம்பியது.

அந்தப் பட்டறையின் கவனக்குறைவால் ஒரு வக்கீல் செத்துப்போனார் என்று கடைத்தெருவில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள்.

தவறான தகவல். பெரியவரின் பட்டறையில் கவனக்குறைவு என்பதே கிடையாது.

அது மிகக் கவனமாகச் செய்யப்பட்ட கொலை.