மூன்றாம் நம்பர் பாட்டில்

மாலை நேரத்தில் யுவராணிக்குப் பேச்சுத் துணையாக இருந்தது ஒரு பல்லி மட்டும்தான். அதுவும் நினைத்தால்தான் பதில் சொல்லும்.

அப்பா ராணுவத்தில், அசாமில் இருந்தார். அம்மா ஜெயசித்ராவுக்கு ராஜபாளையத்தில் தண்ணீர் பரிசோதிக்கும் லேப்பில் வேலை. ஓடை, வாய்க்கால், சாக்கடை என்று தேடிப் போய்த் தண்ணீர் பிடித்து வருவார். அதில் சோப்பு எவ்வளவு கலந்திருக்கிறது என்று அளந்து சொல்வார். ஞாயிற்றுக்கிழமைகளும் அதிலேயே போயின. குடிவந்து இரண்டு மாதமாகியும் யுவராணியைத் தெருவில் யாரும் விளையாடக் கூப்பிடவில்லை.

"வர்ற ஞாயித்துக்கிழமை நான் எங்கயும் போகல. அன்னிக்குப் பூரா உன்கூடத்தான்" என்று அம்மா சொல்லியிருந்தார். யுவராணி விரல் விட்டு நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை சாப்பிட உட்காரும்போது அம்மாவின் முகம் சரியில்லை.

"என்னம்மா?"

"பிளவக்கல் ஓடையில தண்ணி பிடிச்சேன்ல, மூணாம் நம்பர் பாட்டில்ல. மலையில இருந்து நேரா வர்ற தண்ணி. வத்திராயிருப்பு வாய்க்கால்ல அத்தனை பேரு துணி துவைக்காங்க. அதைவிட இதுல சோப்பு கூட இருக்கு."

"நுரை வந்துச்சா?"

"கண்ணுக்குத் தெரியாதுட்டி. நீலச் சாயமும் ஒரு மருந்தும் ஊத்திக் குலுக்குவோம். மருந்து அடியில தங்கும். தண்ணியில சோப்பு இருந்தா நீலம் அதுக்குள்ள இறங்கிரும். எம்புட்டு சோப்போ அம்புட்டு நீலம்."

"யாரும்மா சோப்புப் போட்டது?"

"அங்க சின்னக்கருப்பன்னு ஒருத்தரு டீக்கடை வச்சிருக்காரு. ஓடையில கிளாஸ் கழுவவே மாட்டேன்னு சொல்லுதாரு. யாரும் நம்பல. நாளைக்கு ரிப்போர்ட் போனா கடையை எடுக்கச் சொல்லிருவாங்க."

யுவராணியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

போன சனிக்கிழமை, மறுநாள் காலை பஸ்ஸுக்காக அம்மா காலிப் பாட்டில்களை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். ஒன்றில் பழைய லேபிளின் பசை அழுக்காக ஒட்டியிருந்தது. அம்மாவுக்கு உதவுவதாக நினைத்து, சோப்புத்தூள் போட்டு உள்ளும் புறமும் தேய்த்துப் பளபளவென்று வைத்தவள் யுவராணிதான். அதன் மூடியில் 3 என்று எழுதியிருந்தது.

சொன்னால் அம்மா மறுபடி பிளவக்கல் போக வேண்டும். ஞாயிறு போய்விடும். மறுபடியும் பல்லிதான். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

அவளுக்கு அழுகை முட்டியது. பார்த்தே இராத சின்னக்கருப்பன் மேல் கோபம்கூட வந்தது. பிறகு அதை நினைத்து வெட்கப்பட்டாள். பாவம், உண்மையைச் சொல்லியும் பக்கத்தில் நிற்க அவருக்கு ஓர் ஆள் இல்லை. ஆள் இல்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"அம்மா, அந்தப் பாட்டிலை நான் சோப்புப் போட்டுக் கழுவினேன்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

"லேப் பாட்டில் பக்கத்துல சோப்பையே கொண்டுபோக மாட்டோமே, யுவா."

"எனக்குத் தெரியாதும்மா." கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "பையில ரெண்டு காலிப் பாட்டில் இருக்குல்ல. ஒண்ணை அன்னிக்குக் கழுவின மாதிரியே கழுவித் தாரேன். இன்னொண்ணு சும்மா இருக்கட்டும். ரெண்டுலயும் ஒரே குடிதண்ணிய ஊத்திப் பாரு."

மறுநாள் மாலை அம்மா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நீ கழுவினது நல்ல நீலம். இன்னொண்ணுல ஒண்ணுமே இல்ல. ரிப்போர்ட்டை நிறுத்திட்டாங்க. ஆனா ஞாயித்துக்கிழமை திரும்பத் தண்ணி பிடிக்கணும்."

"சரிம்மா" என்றாள் யுவராணி. குரல் மெதுவாகத்தான் வந்தது.

"என்ன சரி? ஆறு மணிக்கே கிளம்பணும். உன்னால எந்திரிக்க முடியுமா?"

ஞாயிறன்று ஓடைத் தண்ணீராலேயே மூன்று முறை அலசி, பாட்டிலை நிரப்பியவள் யுவராணி. சின்னக்கருப்பன் கடையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இது யாரு?"

"உங்க மேல தப்பு இல்லைன்னு சொன்னவ" என்றார் அம்மா.

அவர் பெஞ்சைத் துடைத்துப் போட்டார். சர்க்கரை தூக்கலாக ஒரு பால் வந்தது.

"அடுத்த பஸ் மூணு மணிக்குத்தான் தாயி. அதுவரைக்கும் சும்மா உக்காந்திருக்கணுமே" என்று வருத்தப்பட்டார்.

யுவராணி அம்மாவை ஒட்டி உட்கார்ந்துகொண்டு, "பரவாயில்லை" என்றாள்.