பின்பக்கச் சாவி

கடைசி வரிசையில், சட்டைப் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கும் மெஷினின் ஓரத்தில் ஒரு துணிப்பை தொங்கிக்கொண்டிருந்தது. ஷிப்ட் முடிந்து எல்லாரும் போயாயிற்று. விளக்குகள் பாதி அணைந்திருந்தன. மெஷின் எண்ணெயும் வெட்டுத்துணித் தூசியும் கலந்த வாசனை தையல் கூடத்தில் மெல்ல அடங்கிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசரம்மா உதட்டைப் பிதுக்கினாள். பையைக்கூட மறந்துவிட்டுப் போகிற ஜென்மங்கள். இதுகளுக்குச் சம்பளம் வேறு.

அவளைப் பொறுத்தவரை நாற்பதைத் தாண்டிய பெண்களில் இரண்டே வகை. ஒழுகுகிறவர்கள், மறக்கிறவர்கள். இரண்டும் சேர்ந்தவள் காஜாக்காரி. மணிக்கொரு தரம் கழிவறைச் சாவிக்கு வந்து தலையைச் சொறிந்துகொண்டு நிற்பாள். கொடுத்தனுப்பினால், திரும்பி வந்து எந்தச் சட்டையில் வேலையை விட்டோம் என்று திருதிருவென்று முழிப்பாள்.

"ஏம்மா, அது என்ன வயிறா, ஓட்டைக் குடமா? என்னைப் பாரு. காலைல வந்தா சாயங்காலம்தான். அடக்கத் தெரியணும்."

கூடமே சிரிக்கும். சிரிக்காவிட்டால் அடுத்த தடவை சாவி கிடைக்காது.

அந்த அடக்கும் வித்தையின் லட்சணம் சூப்பர்வைசரம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள். கறுப்பு உடைதான் உடுத்துவாள், உள்ளே இரண்டு அடுக்குப் பஞ்சு. தும்மல் வந்தால் உயிர் போய் உயிர் வரும். போன மாதம் கூடப்பிறந்த தங்கையின் பெயரே நாக்கு நுனியில் நின்றுகொண்டு வர மறுத்தது. "அக்கா, ஒரு டாக்டரைப் பாத்துடு. நம்ம வயசுல வர்றதுதான், மருந்து இருக்கு" என்றாள் அந்தத் தங்கை. "உனக்கு வந்தா நீ போ" என்று போனை வைத்தாள் இந்த வீராங்கனை.

டொக், டொக்.

பின்பக்கச் சுவருக்குள்ளிருந்து வந்தது. இரண்டு நாளாகவோ மூன்று நாளாகவோ இருக்கிற சத்தம்தான். மெஷின்கள் ஓடும்போது காதில் விழாது, சாப்பாட்டு நேரத்தில் யாரோ பயந்துபோய்க் கேட்டபோது, "குழாய்ல காத்து. வேலையைப் பாரு" என்று அவளே அதட்டியிருந்தாள். இப்போது கூடம் காலியாக இருந்ததால் தெளிவாகவே கேட்டது. இரண்டு தட்டு, சற்று இடைவெளி, மறுபடி இரண்டு தட்டு. அனுமதி கேட்டு நிற்கிறவர்கள் தட்டுவது போல.

பையை எடுத்தாள், குப்பையில் போடத்தான். உள்ளே சாப்பாட்டு டப்பா கனத்தது. மூடியைத் திறந்ததும் புளித்த வாடை முகத்தில் அறைந்தது. சாப்பாட்டின் மேல் வெள்ளையும் பச்சையுமாகப் பூஞ்சை அடர்ந்து வளர்ந்திருந்தது.

இது இன்றைய டப்பா இல்லை.

காஜாக்காரி கடைசியாக எப்போது வந்தாள்? மெஷினில் உட்கார்ந்தபடியே நனைத்துவிட்டாளே, அன்றைக்கு. எல்லார் முன்னாலும் அவளையே துடைக்க வைத்தது நன்றாக நினைவிருந்தது. மஞ்சள் துணி. குனிந்த முதுகு. அப்புறம் அவள் வரவேயில்லை. வீட்டில் தேட ஆளில்லாதவள். மானம் போய் வேலையை விட்டுவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். அதை முதலில் சொன்னது யார்? தானேதானா?

துடைத்து முடித்தவள் மறுபடியும் வந்து நின்றாள். மறுபடியும் சாவி. ஆத்திரம் தலைக்கேறியது. பின்பக்கம் கூட்டிப்போனது... ஆமாம். தண்ணீர் வராத, யாரும் எட்டிப் பார்க்காத பழைய கழிவறை.

"வா, உனக்குன்னே ஒண்ணு இருக்கு. அடக்கக் கத்துக்கிட்டு வெளிய வா."

தள்ளினாள். பூட்டினாள். கொஞ்ச நேரம்தான். புத்தி வரட்டும் என்று, கொஞ்ச நேரம் மட்டும்.

இடுப்பைத் தடவினாள். வளையத்தில் இரண்டு சாவிகள் இருந்தன. திறந்திருப்பேன். திறக்காமலா இருப்பேன்? இதையெல்லாமா ஒருத்தி மறப்பாள்?

திறந்தது நினைவில் இல்லை.

டொக், டொக்.

பையை அங்கேயே போட்டாள். நடந்தாள். நடைவழி விளக்கு எரியவில்லை. நாறும் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு போனாள். கதவருகே கையை எடுத்தாள். ஒரு நாற்றமும் இல்லை.

"யாரு உள்ள?"

தட்டல் நின்றது.

முதல் சாவி நுழையவில்லை. அடுத்த சாவி. திரும்பியது.

கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் காஜாக்காரி உட்கார்ந்திருந்தாள். முதுகு நேராக. முழங்கால்கள் ஒட்டியபடி. கன்னங்களில், டப்பாவில் பார்த்த அதே வெள்ளை. அதே பச்சை. தரை காய்ந்து கிடந்தது. வயிறு மட்டும் நிறைமாதக்காரிக்கு இருப்பது போல முட்டிக்கொண்டு நின்றது.

"அடக்கிட்டேன் மேடம். ஒரு சொட்டுகூட விடலை."

சூப்பர்வைசரம்மாவின் தொடைகளில் சூடாக இறங்கியது. பஞ்சு தாங்கவில்லை. செருப்பு நனைந்தது. வாசலைத் தாண்டி உள்ளே ஓடியது. அந்த வெறுங்கால் விரல்களைத் தொட்டது.

காஜாக்காரி குனிந்து அதைப் பார்த்தாள். மெதுவாக நிமிர்ந்தாள். மடியிலிருந்த மஞ்சள் துணியை நீட்டினாள்.

பின்னால், யாருமில்லாத இருட்டுக் கூடத்தில், எல்லாரும் சிரித்தார்கள்.