செங்கல் வைத்த சுரங்கம்

ஷெட்டைத் திறந்து என்ஜினின் மேல் கை வைத்ததும் பல்செட்காரருக்குச் சுருக்கென்றது. பாய்லர் வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு வாரமாக அதற்கு யாரும் நெருப்பே மூட்டவில்லை.

அடுத்தவர் வாய்க்குப் பல் கட்டுவது அவருக்குப் பிழைப்பு, தோட்டத்தில் முழங்கால் உயரம்கூட இல்லாத ரயிலை விடுவது பைத்தியம். யாரோ பாகங்களைப் பாதி பூட்டிவிட்டு, ஏனோ வேண்டாமென்று விற்ற என்ஜின் கிட் அது. மீதியை எட்டு மாதம் உட்கார்ந்து இவர் பூட்டினார். அடியில் ஸ்பிரிட் விளக்கு, மேலே நிஜத் தண்ணீர், நிஜ நீராவி. பின்னால் ஒரே ஒரு பயணிகள் பெட்டி. அதில் ஆறு இருக்கை, ஆறும் காலி.

ஷெட்டுக்குச் சாவி இரண்டு. ஒன்று அவர் பையில், மற்றது சமையலறை ஆணியில். ஒரு மாதமாக அந்தச் சமையலறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பவன் மச்சினன். மனைவியின் ஒரே தம்பி. அவன் வந்ததிலிருந்து அவள் சிரிப்பெல்லாம் அந்தப் பக்கமே போனது. அவருக்கென்று உலகத்தில் இருந்தவள் அவள் ஒருத்திதான். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

சாவியை எடுத்தாயா என்று அவனைக் கேட்கவில்லை. தண்டவாளத்தைப் பார்த்தார். மழையிலும் வெயிலிலும் கிடக்கும் பித்தளை, மேலே சக்கரம் ஓடாவிட்டால் கறுத்துப்போகும், ஓடினால் பளபளக்கும். ரோஜாத் தொட்டிகளைச் சுற்றிவரும் பெரிய வட்டம் கறுத்துக் கிடந்தது. ஷெட்டிலிருந்து மதிலோரச் சுரங்கத்துக்குப் போகும் கிளைப்பாதை மட்டும் கண் கூசப் பளபளத்தது. அது அவர் பாதியில் விட்ட சுரங்கம். மறுபக்கம் வழி கிடையாது, முழங்கைவரை கையை விட்டால் மதில் இடிக்கும்.

அன்று மாலை, பல் அச்சு எடுக்கும் வெள்ளை மாவை அந்தப் பாதை நெடுகத் தூவிவைத்தார். காலையில் மாவில் மச்சினனின் செருப்புத் தடம் இருந்தது. சுரங்க வாசலில் ஒரு முழுச் செங்கல், தண்டவாளத்தின் நடுவே இறுக்கிச் செருகப்பட்டிருந்தது. ரயில் விடுகிறவன் எவனும் தண்டவாளத்தில் தூசிகூட விடமாட்டான். இது செங்கல்!

"யார் வேலைடா இது?"

"நான்தான் வெச்சேன் அத்தான்." மச்சினன் முகத்தில் இரண்டு நாள் தூக்கம் பாக்கியிருந்தது. "தயவுசெஞ்சு எடுத்துடாதீங்க."

"என் என்ஜின் உள்ள போய் முட்டி நொறுங்கணும், அதானே?"

"உள்ள போறதத் தடுக்க வெக்கல அத்தான்."

"பின்ன எதுக்கு?"

அவன் பின்வாசலில் நின்ற அக்காவைப் பார்த்துவிட்டுச் சிரிக்கப் பார்த்தான். முனை உடைந்த முன்பல் தெரிந்தது. "சொன்னா நம்பமாட்டீங்க."

"ரீல் விடாத. பெட்டியக் கட்டு."

"என்னங்க, ஒரு பொம்மை ரயிலுக்காக என் தம்பியத் துரத்துறீங்களா?" என்று மனைவி அழுதாள். துரத்தினார். அவன் தெருமுனை தாண்டியதும் செங்கலைப் பிடுங்கி மதிலுக்கு அந்தப் பக்கம் வீசினார். அப்பாடா என்றிருந்தது.

மறுநாள் மாலை நாலு மணிக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. "தம்பி போனே எடுக்கமாட்டேங்கிறான்," என்றபடி அவள் துணி எடுக்கத் தோட்டத்துக்குப் போனாள். "கோவம். தானா வருவான்," என்றார் அவர், கையிலிருந்த பல்செட்டைத் தேய்த்துக்கொண்டே. அப்போதுதான் ஜன்னல் வழியாக, மண் வாசனைக்கு அடியிலிருந்து, எரியும் ஸ்பிரிட்டின் வாசனை வந்தது. பின்னாலேயே, மெல்ல, மூச்சு வாங்குவது போன்ற அந்தச் சத்தம்.

ஓடினார். ஷெட்டின் பூட்டு பூட்டியபடியே இருந்தது. திறந்தால், உள்ளே என்ஜின் இல்லை.

அது சுரங்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. பெட்டி காலியாக இல்லை. முதல் ஜன்னலில் விரல் நீளத்துக்கு ஒரு பொம்மை. நேற்று மச்சினன் போட்டிருந்த நீலக் கோடு சட்டை. பெயின்ட் காயவில்லை. வாய் அகலத் திறந்திருந்தது. உள்ளே கடுகைவிடச் சிறிய பற்கள், வரிசையாக. ஒன்றுக்கு முனை உடைந்திருந்தது.

கொடியில் பாதித் துணி ஆடிக்கொண்டிருந்தது. கூடை தரையில். அவள் இல்லை.

"எங்கடி இருக்க?"



ரயில் அவரைக் கடந்தது. இரண்டாவது ஜன்னல். மஞ்சள் நைட்டி. கையில் துணி கிளிப். கடைவாயில் அவரே கட்டிய தங்கப் பல், துளியாக மின்னியது. கண் அவரைப் பார்த்தது. இமைத்தது.

"ஐயோ!"

பாய்ந்தார். எட்டவில்லை. பெட்டி ஷெட்டருகே திரும்பி, மறுபடி சுரங்கத்துக்குள் போனது. செங்கல்? மதிலுக்கு அந்தப் பக்கம்.

குப்புற விழுந்து கையை உள்ளே விட்டார். முழங்கை. மதில் இடிக்கவில்லை. தோள்வரை போயிற்று.

ஈரம். பாய்லரின் அதே வெதுவெதுப்பு. விரல் எதிலோ பட்டது. வழவழப்பு. நடுவில் குழி. அடுத்து இன்னொன்று.

முப்பது வருஷம் தொட்ட விரல். தப்பாது. கடைவாய்ப் பல். அவர் உள்ளங்கை அகலம்.

மேலேயும் ஒரு வரிசை இருந்தது. அது இறங்கிக்கொண்டிருந்தது.