ஐந்தாவது மருந்து

சனிக்கிழமை காலை ஏழரை மணி. சிங்கப்பூர், தெம்பனிஸ் வட்டார வீட்டின் குளியலறையில் உமாமகேஸ்வரி மயங்கிக் கிடந்தாள். நெற்றியில் ரத்தம். முதலில் பார்த்தவள், அதே வீட்டில் இருக்கும் நாத்தனார் சரசு.

தகவல் தெரிந்து மாலையில் மருத்துவமனைக்கு ஓடி வந்தாள் பள்ளித் தோழி வைஷாலி. போலீசில் புலனாய்வு அதிகாரி.

"பத்து வருஷ மனச்சோர்வு, வைஷா. நாலு மருந்து மாத்தியாச்சு. இந்த அஞ்சாவதுதான் என்னை எழுப்பி உட்கார வச்சுச்சு. தனியா தேக்கா சந்தைக்குப் போனேன். வேலைக்குக்கூட அப்ளை பண்ணேன். இப்ப ஒரு மாசமா திரும்ப அதே இருட்டு. தலைக்குள்ள கரண்ட் அடிக்குது."

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"திடீர்னு மருந்தை நிறுத்தினா இப்படித்தான் வருமாம். ஒரு வேளைகூட விடலன்னேன். அப்படின்னா இதுவும் பலிக்கல, நிறுத்திடலாம்ங்கிறாரு."

மாற்றுத்துணி எடுக்க வைஷாலி வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த சரசு பொரிந்து தள்ளினாள்.

"எல்லாம் அந்த மாத்திரையால லா! குப்பையில போடுன்னு எத்தனை தடவை சொன்னேன்!"

உமாவின் கணவன் மாசிலாமணி அப்போதுதான் பேட்மிண்டன் ஆடிவிட்டு வந்திருந்தான். மனைவி மருத்துவமனையில் கிடக்கும் நாளில்! பாட்டிலில் இருந்த ஆரஞ்சு நிறத் தண்ணீரை மடமடவென்று குடித்தான்.

"பாவம், அவளுக்கு எந்த மருந்தும் ஒத்துக்காது" என்று ஏப்பம் விட்டான்.

படுக்கையறை இழுப்பறையில் மாத்திரைப் புட்டி. மூடியைச் சுற்றி எறும்புகள்.

"இந்த எறும்பு எப்ப இருந்து, அக்கா?" பின்னால் வந்து நின்ற சரசுவிடம் கேட்டாள்.

"ஒரு மாசமா. எங்கிருந்துதான் வருதோ! எனக்குச் சுகர் இருக்குன்னு வீட்டுல சீனியே வாங்குறதில்ல."

வைஷாலி ஒரு கேப்சூல் மாத்திரையின் கூட்டைப் பிரித்து, உள்ளிருந்த தூளை உள்ளங்கையில் கொட்டினாள். முகர்ந்தாள். தூளோடு கூடத்துக்கு வந்தாள். கூடவே வந்த சரசு தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மருந்தை மோப்பம் பிடிச்சு எறும்பு வராது, சார். இது குளுக்கோஸ். ஆரஞ்சு வாசனை. உங்க பாட்டில்ல கரைச்சு வச்சிருக்கிற அதே தூள்."

"அக்காவைக் கேளுங்க! மாத்திரையைக் கண்டாலே அவங்களுக்கு ஆகாது."

"அவங்க வேணாம்னு வாய்விட்டுச் சொன்னாங்க. நீங்க உமாவைத் தடவிக் கொடுத்துக்கிட்டே மருந்தைக் கொட்டிட்டு இதை அடைச்சீங்க."

அவன் தலை குனியவில்லை. எரிச்சல்தான் பட்டான்.

"குணமானதும் எதிர்த்துப் பேச ஆரம்பிச்சா. வேலைக்குப் போறேன், தனியா இருக்கப் போறேன்னா. அவ படுத்துக் கிடந்தப்ப வீடு நிம்மதியா இருந்துச்சு."

"ச்சீ!" சரசு தம்பியின் பக்கத்திலிருந்து எழுந்து தள்ளிப் போனாள்.

புட்டியைப் பையில் போட்டுக் கட்டிய வைஷாலி போலீஸ் நிலையத்துக்குத் தொலைபேசினாள். சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவினாள். போதவில்லை.

மருத்துவமனையில் உமா எல்லாவற்றையும் கேட்டாள். படுக்கையில் எழுந்து உட்கார்ந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்:

"அப்ப அந்த மருந்து எனக்கு வேலை செஞ்சிருக்கு, இல்ல?"

"செஞ்சிருக்கு, உமா."

"டாக்டரைக் கூப்பிடு."