பாதம் பதிந்த சுவர்

பொழுது சாய்ந்தும் மாடிப்படிக்குக் கீழிருந்து அந்த முனகல் கேட்கவில்லை. தையல்காரி இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஏனோ இயந்திரத்தை மறுபடி ஓட்ட மனம் வரவில்லை.

வேற்றுமொழிக்காரி காலையில்தான் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனாள். ஆறு மாதமாக, அந்தி வந்தால் போதும், கீழ்த்தளக் கிடங்கின் கதவில் முதுகைச் சாய்த்து, கால்களை எதிர்ச்சுவரில் ஊன்றி, விளக்குக்கூடப் போடாமல் விடியும்வரை முனகிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். அவள் பேச்சு யாருக்கும் புரியாது. புரிந்துகொள்ள யாருக்கும் மனமும் இல்லை. "ஏதோ ஏவல் வெக்கிறா" என்று முதலில் சொன்னது தையல்காரிதான். அவளைத் துரத்த வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கியதும் இவளே. போகும்போது அவள் இவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, கிடங்குக் கதவைக் காட்டிக் காட்டி அழுதாள். இவள் உதறிவிட்டு வந்து சோப்புப் போட்டுக் கழுவினாள்.

"அம்மா, கீழ யாரோ தட்றாங்க," படியிலிருந்து மகள் கூப்பிட்டாள்.

கழுத்தில் அளவு நாடா தொங்க இறங்கினாள். ஈரச் சுண்ணாம்பும் மக்கிய துணியும் கலந்த வாடை. எதிர்ச்சுவரில் இரண்டு பள்ளங்கள், பாதம் அளவுக்கு. சும்மா உட்கார்ந்தால் சுவர் இப்படித் தேயாது. உயிரைக் கொடுத்து உதைத்திருக்கிறாள்.

பூட்டு தொங்கியது. கொண்டி வளைந்திருந்தது. கதவிடுக்கு அரை அங்குலம். பார்க்கப் பார்க்க முக்கால். அளவெடுத்த கண் பொய் சொல்லாது.

முதுகைக் கொடுத்தாள். கால்கள் தாமாகப் பள்ளத்தில் பொருந்தின. உள்ளிருந்து ஒரு தள்ளல். பல்லைக் கடித்தாள். தொண்டையிலிருந்து முனகல் வந்தது. அதே முனகல்.

பயந்துபோன மகள் ஆட்களைக் கூட்டிவந்தாள். கணவன், காவலாளி, பக்கத்து வீட்டு அக்கா.

"கதவப் பிடிங்க! உள்ள என்னமோ இருக்கு!"

அக்கா ஒரு படி பின்வாங்கினாள். "போனவ இவ மேல ஏத்திட்டுப் போய்ட்டா."

அந்தப் பார்வை தையல்காரிக்குத் தெரியும். ஆறு மாதம் அவளே வேற்றுமொழிக்காரியைப் பார்த்த பார்வை.

"எந்திரி, வீட்டுக்குப் போலாம் வா," கணவன் அழுகிற குரலில் சொன்னான். ஒரு கையை அவனும் மறு கையைக் காவலாளியும் பிடித்துத் தூக்கினார்கள்.

"ஐயோ, விடுங்க—"

பாதங்கள் சுவரைவிட்டு நழுவின.

கொண்டி சத்தமில்லாமல் பிரிந்தது. எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகள் மட்டும் அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

காதோரமாக ஒரு கை வந்தது. அவளைத் தொடவில்லை. தாண்டி நீண்டது. ஒரு முழம். இரண்டு முழம். இன்னும் முழங்கை வரவில்லை.

மகள் நின்றிருந்த படி ஐந்தாவது முழத்தில் இருந்தது.

மூன்று.

நான்கு.