போட்டு வாறன்

கத்தினால் மூன்று தரம் திருப்பிக் கத்தும் என்று பெயர்பெற்ற குளம் அது. யதுர்ஷா இரண்டு கையையும் வாயில் குவித்துக் கூவென்று கூப்பிட்டுப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. ஆவணி வெயில், மத்தியானம் இரண்டு மணி, இலைகூட ஆடவில்லை. கூவின சத்தம் தண்ணீருக்கு மேலாலே போய், எதிர்க்கரைப் பைன் மரங்களுக்குக் கிட்ட, யாரோ கைநீட்டி வாங்கிப் பொத்திக்கொண்டது போல நின்றுவிட்டது.

"குளத்துக்கு இண்டைக்கு லீவு போல," என்று அவள் சிரித்தாள். கூட வந்த சிநேகிதி யூலியாவும் சிரித்தாள்.

குகநேசன் சிரிக்கவில்லை. முப்பது வருசமாய்ப் பழைய கட்டடங்களை உடைத்துத் தேய்ந்துபோன முழங்காலைத் தடவிக்கொண்டு கரைக்கல்லில் இருந்தார். அம்மருட்டில் வீட்டு வாசலில் காரில் ஏறும்போது, "வடிவான இடம் அப்பா, வாங்கோ," என்று மட்டும்தான் மகள் சொன்னாள். கடைசி வளைவில்தான் இடத்தை மட்டுக்கட்டினார். திருப்பு பிள்ளை என்று சொல்ல வாய் எடுத்தார். அதற்குள் கார் நின்றுவிட்டது.

யூலியா நோர்வே மொழியில் ஏதோ நீளமாய்ச் சொன்னாள். இந்தப் பக்கத்துப் பெட்டை அவள்.

"அப்பா, இவள் சொல்லுறாள், இந்தக் குளத்திட்டை திரும்பி வாறன் எண்டு சொல்லக்கூடாதாம். ஃபர்வெல், போறன் எண்டு முடிச்சுப்போட்டுப் போகவேணுமாம். வாறன் எண்டு சொல்லிப்போட்டு வராமல் விட்டால் பாத்துக்கொண்டே இருக்குமாம். பிறகு சொன்ன ஆளின்ரை வீட்டிலை ஒராளை எடுக்குமாம்."

அவர் முழங்காலைத் தடவுவதை நிறுத்தினார்.

"அப்ப எங்கடை சனம் முழுக்க முடிஞ்சுது. குப்பை கொட்டப் போனாலும் போட்டு வாறன் எண்டெல்லோ சொல்லுறம். சின்னனிலை 'போறன்' எண்டதுக்கு எனக்கு அடிச்சனீங்கள், ஞாபகமோ?"

பதினாலு வருசத்துக்கு முந்தி, மாசி மாதம், அவரும் கூட வேலைசெய்த ஜெயரத்தினமும் இந்தக் குளம் உறைந்து கிடக்க, ஓட்டை போட்டு மீன் பிடிக்க வந்தார்கள். போத்தல் பாதி இறங்கியபிறகு ஜெயரத்தினம் ஒரு கதை சொன்னான். ஊரில் புஷ்பமலரின் கலியாணத்தைக் குழப்பின மொட்டைக் கடிதம் தன்னுடைய கையெழுத்துத்தானாம். பகிடியாய்ச் சொன்னான். புஷ்பமலர் குகநேசனின் ஒரே தங்கச்சி. அந்தக் கடிதம் வந்த கிழமையே கிணற்றுக்குள் பாய்ந்தவள்.

கொஞ்ச நேரத்தில் பனிக்கட்டி வெடித்தது. ஜெயரத்தினம் நெஞ்சளவு தண்ணீருக்குள், கம்பளிக் கையுறையோடு விளிம்பில் இரண்டு முழங்கையையும் ஊன்றியபடி, "மச்சான், கயிறு!" என்றான். கயிறு காரில் கிடந்தது.

"போட்டு வாறன். பிடிச்சுக்கொண்டிரு," என்றார் குகநேசன்.

போனார். காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினார். மச்சான், மச்சான் என்ற சத்தம் மலையில் பட்டு மும்மூன்றாய் வந்தது. எல்லாம் அடங்கியபிறகுதான் கதவைத் திறந்தார். விபத்து என்று பொலிஸ் எழுதிக்கொண்டு போனது. ஒருநாளும் அவர் வருந்தியதில்லை. தங்கச்சிக்குச் செய்யவேண்டியதைச் செய்தேன் என்றே நித்திரை கொண்டார்.

"பிள்ளை, வீட்டை போவம்."

"ஒருக்கா நீந்திப்போட்டு அப்பா."

அவள் ஏற்கனவே இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். திரும்பி, பழக்கதோஷத்தில் கையை அசைத்தாள். "போட்டு வாறன்!"

இப்போது எதிரொலி வந்தது.

"போட்டு வாறன்." எதிர்க்கரையிலிருந்து. ஆம்பிளைக் குரல்.

"போட்டு வாறன்." குளத்தின் நடுவிலிருந்து.

மூன்றாவது அவருடைய காதுக்குள்ளேயே வந்தது. "பிடிச்சுக்கொண்டிரு." அது அவருடைய சொந்தக் குரல். பதினாலு வருசம் இளமையான குரல்.

குளிரில் கிடந்த இரும்பின் மணம் கரையெல்லாம் ஏறியது. அதற்குள் நடுக்குளம்வரை போய்விட்ட யதுர்ஷா நீந்துவதை நிறுத்தியிருந்தாள். கை அடிக்கவில்லை. முழங்கை இரண்டையும் சும்மா கிடந்த தண்ணீரின்மேல் ஊன்றிக்கொண்டு நின்றாள், ஏதோ விளிம்பைப் பிடித்திருப்பது போல.

"அப்பா... காலைப் பிடிக்குது."

அவர் எழும்பி ஓடினார். 'போறன்' என்று முடித்துவிடப் பார்த்தார். ஆயுளில் சொல்லாத சொல், நாக்கு வளையவில்லை. "ரத்தினம்! நான் வந்திட்டன். என்னை எடு. அவளை விடு!"

காலை வைத்தார்.

கால் தாழவில்லை.

பக்கத்தில் யூலியா முழங்கால் தண்ணீரில் நின்று அலறினாள். அவளைச் சுற்றித் தண்ணீர் தெறித்தது. அவருடைய பாதத்துக்குக் கீழ் மட்டும் தண்ணீர் கல்லாய் உறைந்திருந்தது. அடுத்த அடியும் கல். வழுக்கினார். விழுந்தார். எழும்பினார். நடுவுக்கு வந்தபோது அவளுடைய முழங்கைகள் மேலே இல்லை.

கீழே பார்த்தார்.

நாலு விரல் ஆழத்தில் அவளுடைய முகம். கண் திறந்திருந்தது. வாய் அப்பா என்றது. சத்தமில்லை. குத்தினார். சீமெந்துச் சுவர் உடைத்த கை. குத்தினார். தோல் கிழிந்தது. ஒரு கீறல் விழவில்லை.

அவள் உள்ளங்கையை அடியிலிருந்து ஊன்றினாள். அவர் தன் கையை அதற்கு நேரே வைத்தார்.

அப்போது ஆழத்திலிருந்து இன்னொரு கை ஏறிவந்தது. கம்பளிக் கையுறை போட்ட கை. அவசரமில்லாமல் அவளுடைய சின்னி விரலைப் பிடித்துப் பனிக்கட்டியிலிருந்து கழற்றியது. பிறகு அடுத்த விரலை.